முதிர்ந்த ஒயினில் இருப்பது கசப்பன்று, துவர்ப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், பிரான்ஸின் போர்தோ பகுதியில் விளையும் முதிர்ந்த சிவப்பு ஒயினைச் சுவைத்து மதிப்பிடுவது பற்றி வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இந்தப் பொருளைப் பற்றித் தமிழில் யாராவது பொறுப்போடு எழுத மாட்டார்களா என்று நெடுநாளாக எதிர்பார்த்திருந்தவன் என்ற முறையில் கட்டுரையாளருக்கு முதலில் என் நன்றி. போர்தோ நகர உணவகம் ஒன்றின் நிலவறையில் பதினெட்டு ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். பழைய பாட்டில்களைத் திறப்பதும், விருந்தினருக்கு ஊற்றும் முன் அவை நல்ல நிலையில் இருக்கின்றனவா என்று சுவைத்துப் பார்ப்பதும் என் அன்றாட வேலை. அந்த உரிமையில், கட்டுரையில் ஒரு சொல்லைத் திருத்தும்படியும், அச்சொல்லின் வால்பிடித்து வந்துவிட்ட ஒரு கருத்தை மறுபடி எண்ணிப் பார்க்கும்படியும் கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

இளம் ஒயினில் உள்ள டானின் என்ற பொருள் கசப்பாக இருக்கும் என்றும், ஆண்டுகள் செல்லச் செல்ல அந்தக் கசப்பு மறைந்து ஒயின் மேலும் மேலும் உயர்கிறது என்றும் கட்டுரை சொல்கிறது. டானின் தருவது துவர்ப்பு. சிறிதளவு கசப்பும் அதனுடன் சேர்ந்து வரலாம் என்பது உண்மையே. ஆனால் போர்தோ ஒயினை வாயில் வைத்ததும் உட்கன்னமும் ஈறும் இழுத்துப் பிடிக்கப்படுவது போலத் தோன்றுகிறதே, அது கொட்டைப்பாக்கை மென்றவரும் நாவற்பழம் தின்றவரும் நன்கறிந்த உணர்வு. உமிழ்நீரில் வாயை வழவழப்பாக வைத்திருக்கும் புரதங்கள் உண்டு. திராட்சையின் தோலிலிருந்தும் விதையிலிருந்தும், ஓரளவுக்கு ஓக் மரப் பீப்பாயிலிருந்தும் ஒயினுக்குள் இறங்கும் டானின், அந்தப் புரதங்களைப் பற்றித் திரளச் செய்துவிடுவதால் வழவழப்புப் போய், நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் இடையே ஓர் உராய்வு பிறக்கிறது. பல மொழிகளில் இதை ஒரு சுவையாக எண்ணுவதே இல்லை, தொடுவுணர்வோடு சேர்த்துவிடுகிறார்கள். அறுசுவையில் ஒன்றாக அதற்கு இடமும் பெயரும் கொடுத்து வைத்திருக்கும் மொழியில் எழுதும்போது, கையிலிருக்கும் சரியான சொல்லை விட்டுவிட்டுக் கசப்பு என்று எழுதுவது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

இதில் இன்னொரு நயமும் இருக்கிறது. பழந்தமிழில் துவர் என்ற சொல் சுவையை மட்டுமல்லாமல் செந்நிறத்தையும் குறித்தது. துவர்வாய் என்றால் சிவந்த வாய், துவராடை என்றால் செந்நிற ஆடை. சிவப்பு ஒயின் முதிர்வது எப்படி என்பதை விளக்க இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை. ஏனெனில் அந்த இரண்டு துவரும் பாட்டிலுக்குள் சேர்ந்தே மாறுகின்றன. திராட்சைத் தோலின் செந்நிறத்துக்குக் காரணமான ஆந்தோசயனின் என்ற நிறமி, ஆண்டுகள் போகப்போக டானினோடு கைகோத்துப் பெரிய கூட்டுப்பொருளாகிறது. அப்படிப் பெருத்தவற்றில் ஒரு பகுதி ஒயினில் மிதக்க முடியாமல் அடிமண்டியாகப் படிந்துவிடுகிறது. நிறம் வெளிறுவதும் துவர்ப்பு தணிவதும் அடியில் மண்டி சேர்வதும் ஒரே நிகழ்வின் மூன்று முகங்கள். அதனால்தான் நாங்கள் ஒயினை மூக்குக்குக் கொண்டுபோகும் முன் கோப்பையைச் சாய்த்து, வெள்ளைத் துணியின் மேல் பிடித்து விளிம்பைப் பார்க்கிறோம். இளம் ஒயினில் விளிம்பு வரை ஊதா ஓடும். முதிர்ந்த ஒயினில் நடுவில் மாணிக்கச் சிவப்பும், விளிம்பில் சுட்ட செங்கல்லின் நிறமும், அதற்கும் அப்பால் நீர் போன்ற ஒரு மெல்லிய வளையமும் தெரியும். செங்கல் நிறம் நடுப்பகுதி வரை வந்து பழுப்பாகிவிட்டால் கவலைப்பட வேண்டும்.

இனி அந்தக் கருத்துக்கு வருகிறேன். பழையதாக ஆக உயர்கிறது என்பது உண்மையானால் என் வேலை மிக எளிதாக இருந்திருக்கும்; ஆண்டைப் பார்த்து ஊற்றிவிட்டுப் போகலாம். சென்ற குளிர்காலத்தில் போயாக் பகுதியின் பெரும் பெயர் பெற்ற ஒரு ஷாத்தோவின், அதாவது ஒயின் தோட்டத்தின், 1975 ஆம் ஆண்டு அறுவடை ஒயினில், ஒரே மரப்பெட்டியிலிருந்து இரண்டு பாட்டில்களை ஒரே மாலையில் திறந்தேன். இரண்டையும் இரண்டு நாள் முன்னதாகவே நிமிர்த்தி வைத்திருந்தேன். படுத்துக் கிடக்கும் பாட்டிலின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் மண்டி அடியில் இறங்க ஒரு நாளாவது வேண்டும். ஒன்றில் ஒயின் கழுத்தின் அடிவரை நின்றது. மற்றதில் தோள்பட்டையின் நடுப்பகுதிக்கு இறங்கியிருந்தது. பழைய பாட்டிலில் ஒயின் சற்றுக் குறைவது இயல்புதான், ஆனால் அவ்வளவு இறங்கியிருந்தால் தக்கை தளர்ந்து காற்று உள்ளே போயிருக்கிறது என்று பொருள். அரை நூற்றாண்டுத் தக்கை திருகை ஏற்றால் தூளாகிவிடும் என்பதால், தக்கைக்கும் கண்ணாடிக்கும் நடுவே இறங்கும் இரண்டு மெல்லிய தகடுகள் கொண்ட கருவியால் அசைத்து அசைத்து எடுத்தேன். முதல் தக்கை முழுதாக வந்தது. அதன் அடிப்பகுதி மட்டும் கருஞ்சிவப்பாக நனைந்திருந்தது. இரண்டாவது தக்கையில் மேல்முனை வரை ஈரம் ஏறியிருந்தது, விரலுக்கு நடுவில் ரொட்டியைப் போல அமுங்கியது.

பாட்டிலின் கழுத்துக்குக் கீழே ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்து, ஒரே சீராக, கை நடுங்காமல் டிகாண்டர் என்ற கண்ணாடிக் குடுவையில் சாய்க்க வேண்டும். வெளிச்சத்தில் கழுத்து வழியே ஒயின் ஓடுவது தெளிவாகத் தெரியும். மண்டியின் புகை போன்ற முதல் இழை பாட்டிலின் தோளுக்கு வந்ததும் நிறுத்திவிட வேண்டும், மிச்சத்தின் மேல் ஆசைப்படக் கூடாது. கட்டுரையில் சொல்லியிருப்பது போலப் பழைய ஒயினை மணிக்கணக்கில் காற்றாட விடுவது பெரும் ஆபத்து. இளம் ஒயினுக்குக் காற்று நன்மை செய்யும். முதிர்ந்த ஒயினை நாங்கள் டிகாண்டரில் மாற்றுவது மண்டியைப் பிரிப்பதற்காக மட்டுமே. சில ஒயின்கள் ஒரு மணி நேரத்துக்குள் கண்முன்னே வாடிவிடுகின்றன.

முதல் பாட்டிலில் எழுந்த மணத்தைச் சொல்கிறேன். முதலில் பென்சில் சீவும்போது வரும் மரத்தூள் மணம், அதாவது தேவதாரு. அதன் பின்னால் உலர்ந்த புகையிலை இலை. கோப்பையை ஒரு சுற்றுச் சுற்றியதும் மழைக்குப் பிறகு மக்கிய இலைகளிடையே நடக்கும்போது வரும் மண்ணும் காளானும் கலந்த மணம். பிரெஞ்சுக்காரர்கள் இதனைக் காட்டின் அடித்தளம் என்று பொருள்படும் சொல்லால் குறிப்பிடுகிறார்கள். இவற்றுக்கெல்லாம் கீழே, அணையப் போகும் கங்கு போல, கசிஸ் என்ற கருநிறச் சிறுபழத்தின் மணம் இன்னும் இருந்தது. நான் தேடியது அதைத்தான். மற்ற மணங்கள் முதுமையின் வருமானம். பழத்தின் மணமோ முதல். முதல் கரைந்துவிட்டால் வருமானமும் நெடுநாள் நிற்காது. வாயில் வைத்ததும் புளிப்பு முன்னால் வந்தது, பின்னர் துவர்ப்பு வந்து கன்னத்தைப் பற்றியது, அந்தப் பிடி ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் முழுதாகத் தளரவில்லை. இரண்டாவது பாட்டிலில் அந்தக் கங்கு அணைந்து போயிருந்தது. மரக்கொட்டையும் காடியும் கலந்த நெடியும், நடுப்பகுதி வரை பழுப்பும், தாங்குவதற்குப் பழச்சுவை இல்லாத வெறும் வறண்ட துவர்ப்பும் மட்டுமே மிஞ்சியிருந்தன. அதை விருந்தினர் மேசைக்கு அனுப்பவில்லை. ஒரே தோட்டம், ஒரே அறுவடை, ஒரே வயது. இங்கே நிலவறைகளில் வேலை செய்பவர்கள் பழைய ஒயினைப் பாட்டில் பாட்டிலாகத்தான் மதிப்பிடுவார்கள், பெயரை வைத்து மதிப்பிடுவதில்லை.

1975 ஐ நான் வேண்டுமென்றே சொல்கிறேன். அந்த ஆண்டின் போர்தோ சிவப்பு ஒயின்கள் கடுந்துவர்ப்புக்குப் பேர்போனவை. பொறுத்திருந்தால் தணியும் என்று நம்பி வாங்கி வைத்தவர்களில் பலர், துவர்ப்பு தணிவதற்குள் பழச்சுவை வற்றிவிட்டதைக் கண்டார்கள். 1982 இல் நேர்மாறாக நடந்தது. அவ்வாண்டு ஒயின்கள் இளமையிலேயே பழுத்து, குடிப்பதற்கு இதமாக இருந்ததால் இவை நாள்பட நிற்குமா என்று சிலர் ஐயுற்றார்கள். அமெரிக்க விமர்சகர் ராபர்ட் பார்க்கர் அப்போதே அவற்றை வெகுவாகப் புகழ்ந்தார், அவற்றில் சிறந்தவை இன்றும் நிமிர்ந்து நிற்கின்றன. ஆகவே இளமையில் கடுமையாக இருப்பது நீண்ட ஆயுளுக்கு உறுதிமொழி ஆகாது. நன்கு பழுத்த திராட்சையின் துவர்ப்பும் பழுக்காத திராட்சையின் துவர்ப்பும் வாயில் வேறு வேறாக உணரப்படும்: முன்னது பட்டு, பின்னது சணல். போர்தோவின் ஒயினியல் பேராசிரியர் எமில் பேய்னோ, பழுத்த கனிகளை மட்டும் தேர்ந்து பறிக்கும்படி தோட்டக்காரர்களிடம் விடாமல் வலியுறுத்தி வந்ததற்கு இதுவே முக்கியமான காரணம் என்று நினைக்கிறேன்.

1855 ஆம் ஆண்டுத் தரவரிசையைக் கட்டுரை சுவையின் தீர்ப்பாகக் காட்டியிருப்பதும் சரியன்று. மூன்றாம் நெப்போலியன் பாரிஸில் நடத்திய கண்காட்சிக்காகப் போர்தோவின் ஒயின் தரகர்கள் தயாரித்த அந்தப் பட்டியல், அதுவரை சந்தையில் நிலவிய விலைகளை ஆதாரமாகக் கொண்டது. லஃபித், லத்தூர், மார்கோ, ஓ-பிரியோன் ஆகிய நான்கு தோட்டங்களும் முதல் வரிசையில் இடம்பெற்றன. இரண்டாம் வரிசையில் இருந்த மூத்தோன் 1973 இல் முதல் வரிசைக்கு உயர்த்தப்பட்டது. மிகச் சிறந்த நிலங்கள் அவை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பட்டியலைப் படித்துவிட்டுச் சுவைப்பவரின் நாக்கு பட்டியலைத்தான் சுவைக்கும். நிறம் ஒன்றே நம்மை எவ்வளவு தூரம் இழுத்துச் செல்லும் என்பதை ஜில் மொரோ, ஃப்ரெதெரிக் ப்ரோஷே, தெனி துபூர்தியூ ஆகியோர் 2001 இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது: மணமற்ற சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயினை முகர்ந்த, ஒயினியல் பயிலும் 54 மாணவர்கள் அதன் மணத்தைச் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களாலேயே விவரித்தார்கள். சாயமே இப்படிச் செய்யுமென்றால் லத்தூரின் கோபுரம் பொறித்த ஒட்டுச்சீட்டு என்ன செய்யாது? எங்கள் நிலவறையில் ஒருவர் திறக்க, பாட்டிலைப் பார்க்காத மற்றொருவர் சுவைத்துக் குறிப்பெழுதும் வழக்கத்தை இதற்காகவே வைத்திருக்கிறோம். ஈர அட்டைப்பெட்டியின் நாற்றம், அதாவது தக்கைக் கெடுதல் இருக்கிறதா என்று அவர்தான் முதலில் பார்ப்பார். அந்த நாற்றத்துக்குக் காரணமான பொருள் ஒரு லிட்டரில் சில நானோகிராம் அளவே போதும், எவ்வளவு பெரிய ஒயினும் ஊமையாகிவிடும்.

விழுங்கிய பிறகு சுவை எத்தனை நொடி நிற்கிறது என்று எண்ணுவது இங்குள்ள பழக்கம். ஒரு நொடிக்கு ஒரு கொதாலி என்று அளவும் வைத்திருக்கிறார்கள். எண்ணிக்கையைவிட எது நிற்கிறது என்பதை நான் கவனிப்பேன். பழமும் மணமும் துவர்ப்பும் சேர்ந்தே மங்கினால் அந்த ஒயின் இன்னும் தன் பருவத்தில் இருக்கிறது. பழம் போய்த் துவர்ப்பு மட்டும் தங்கினால், பெட்டியில் மீதமிருக்கும் பாட்டில்களை இனியும் காத்திருக்க வைக்கலாகாது என்று நிலவறைப் பேரேட்டில் எழுதிவிடுவேன்.

கட்டுரையாளர் அடுத்த பகுதியில் பர்கண்டி ஒயின்களைப் பற்றி எழுதப் போவதாக அறிவித்திருக்கிறார். அங்கே விளையும் பினோ நுவார் திராட்சைக்குத் தோல் மெல்லியது. போர்தோவின் கபெர்னே சொவிஞ்ஞோனைவிட நிறமும் குறைவு, துவர்ப்பும் குறைவு. அந்த வேறுபாட்டைக் கசப்பு என்ற சொல்லை வைத்துக்கொண்டு விளக்கவே முடியாது. அந்தப் பகுதி அச்சேறும் முன் இந்தத் திருத்தம் அவர் பார்வைக்குச் செல்லுமாறு செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
போர்தோ, பிரான்ஸ்