ஜாக் கிர்பிக்கு, கலாக்டஸின் பசியைப் பற்றி

அன்புள்ள ஜாக் கிர்பி அவர்களுக்கு,

மார்வெல் காமிக்ஸில் உலகங்களை விழுங்கும் கலாக்டஸை வரைந்த ஓவியர் நீங்கள். 1994-இல் மறைந்துவிட்டீர்கள். அதன் பிறகு உங்கள் பிரபஞ்ச ஜீவன்களுக்கு என்னவெல்லாம் ஆனது என்று உங்களிடம் சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

இப்போது ரசிகர்கள், மார்வெல் கதாபாத்திரங்களில் யார் பலசாலி என்று ஏணி கட்டுகிறார்கள். கீழ்ப்படியில் வில்லன் தானோஸ், அவருக்கு மேலே கலாக்டஸ், அப்புறம் விண்வெளி ராட்சதர்களான செலஸ்டியல்கள், பிரபஞ்சத்தின் உருவமான எடர்னிட்டி, மூன்று முகம் கொண்ட நீதிபதி லிவிங் ட்ரைப்யூனல், உச்சியில் எல்லோருக்கும் மேலான 'ஒன் அபவ் ஆல்'. யார் யாரை வீழ்த்துவார் என்று விடிய விடிய வாதம் நடக்கும். நானும் அதில் மணிக்கணக்காகக் கலந்துகொண்டிருக்கிறேன், எனக்கு ரொம்பப் பிடித்த பேச்சு அது. ஆனால் உங்கள் 1966 பக்கங்களை மறுபடி எடுத்தால் அந்த ஏணி நிற்க மறுக்கிறது.

நான்கு சாகச வீரர்களின் கதையான ஃபென்டாஸ்டிக் ஃபோர் 48, 49, 50. மூன்றே இதழ்கள். கலாக்டஸ் வந்து இறங்குகிறார். அவருக்குப் பூமியின் மேல் பகையும் இல்லை, அதை ஆளும் ஆசையும் இல்லை. வெறும் பசி. இத்தனை பெரியவருக்கு முன்னால் செல்ல ஒரு தூதன் வேண்டும் என்று நினைத்து, ஸ்டான் லீ கேட்காமலேயே சில்வர் சர்ஃபரை வரைந்து சேர்த்தீர்கள். அந்தத் தூதனைத் திருப்பியது எந்த ஆயுதமும் இல்லை, அலீசியா என்ற பார்வையற்ற சிற்பி பேசிய சில வார்த்தைகள். அந்த நால்வரின் தலைவர் ரீட் கையில் அல்டிமேட் நல்லிஃபையர் என்ற பேரழிவு ஆயுதத்தைக் கண்டதும் கலாக்டஸ் பூமியை விட்டுவிடுவதாக வாக்குக் கொடுத்துவிட்டுக் கிளம்புகிறார். படிவரிசையில் பார்த்தால் அலீசியாவுக்கு இடமே கிடையாது. கதையோ அவர் பேச்சில்தான் திரும்புகிறது.

1969-இல் தோர் இதழ்களில் கலாக்டஸின் பழங்கதையையும் சொன்னீர்கள்: செத்துக்கொண்டிருந்த ஓர் உலகத்திலிருந்து வந்த கேலன் என்ற மனிதன். அதைப் படித்த பிறகு எனக்கு அவர் பலசாலியாகத் தெரிவதில்லை. விட முடியாத ஒரு வேலையில் மாட்டிக்கொண்டவராகத் தெரிகிறார். 1984-இல் ஃபென்டாஸ்டிக் ஃபோரை எழுதி வரைந்த ஜான் பைர்ன் இதை நன்றாகவே பிடித்துக்கொண்டார். கலாக்டஸின் உயிரைக் காப்பாற்றிய குற்றத்துக்காக ரீட் மேல் வழக்கு நடக்கிறது, எடர்னிட்டியே அங்கு வந்து நிற்கிறது. அந்தப் பசியும் பிரபஞ்சத்துக்கு வேண்டும் என்பது அங்கே எல்லோருக்கும் புரியவைக்கப்படுகிறது.

1991-இன் இன்ஃபினிட்டி காண்ட்லெட் காமிக்ஸிலும் இதே சங்கதிதான். தானோஸ் எடர்னிட்டியையே தோற்கடித்து அந்த இடத்தில் போய் உட்கார்கிறார். கீழே விட்டுவந்த உடம்பின் கையிலிருந்து, அவருக்கு அந்தச் சக்தியைத் தந்த கையுறையை, அவரிடம் சிக்கியிருந்த நெபுலா கழற்றிக்கொள்கிறாள். அவ்வளவு உயரம் போனவர் வீழ்ந்தது அப்படித்தான். ட்ரைப்யூனலோ தலையிடவே இல்லை. மேலே போகப் போகக் கை கட்டப்பட்டுவிடுகிறது.

சரி, சினிமாவுக்கு வருகிறேன். 2007-இன் ஃபென்டாஸ்டிக் ஃபோர் படத்தில் கலாக்டஸை ஒரு மேகமாக்கிவிட்டார்கள். அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை. முகம் இல்லாத பசியிடம் யார் போய்ப் பேச முடியும்? 2014-இல் கார்டியன்ஸ் ஆஃப் த கேலக்ஸி படத்தில் ஒரு செலஸ்டியலின் வெட்டுண்ட தலைக்குள் சுரங்கமும் ஊரும் இருப்பதாகக் காட்டினார்கள், அது உங்களுக்குப் பிடித்திருக்கும். 2021-இன் எடர்னல்ஸ் படத்தில் அரிஷெம் என்ற செலஸ்டியலைப் பார்க்க மலைப்பாகத்தான் இருந்தது. ஆனால் அவர் கதாநாயகி செர்ஸியிடம் தன் திட்டத்தை விளக்கத் தொடங்கியதும் எனக்கு அவர் சின்னவராகிவிட்டார். நீங்கள் வரைந்த செலஸ்டியல்கள் நம்மிடம் பேசுவதில்லை. 50 ஆண்டுகள் பூமியில் நின்று பார்த்து, ஒரு கட்டைவிரலால் தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள். அந்த மௌனத்தில்தான் அவர்களுடைய உயரம் இருந்தது.

2025-இன் ஃபென்டாஸ்டிக் ஃபோர் படத்தில் ஒருவழியாக உங்கள் கலாக்டஸ் வந்தார், தலைக்கவசத்தோடு, நியூயார்க் தெருவில் கால் பதித்து. அவர் கேட்டது ஒரு குழந்தையை. தன் பசியை அதனிடம் இறக்கி வைத்துவிட்டு ஓய்ந்துபோகத்தான். திரையரங்கில் என் தொண்டை அடைத்துவிட்டது. கேலனைக் கண்டுகொண்டேன்.

கடைசியாக ஒன்று. ஏணியின் உச்சியில் இருப்பவரை 2004-இல், ஃபென்டாஸ்டிக் ஃபோர் 511-ஆம் இதழில் வரைந்து காட்டினார்கள். நால்வரில் ஒருவரான, இறந்துபோன பென்னைத் தேடி நண்பர்கள் சொர்க்கம் வரை போகிறார்கள். கதவு திறக்கிறது. உள்ளே இருப்பவருக்கு உங்கள் முகம். வரைபலகையின் முன்னால் உட்கார்ந்து, பென்சிலோடு வேலை பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அன்புடன்,
உங்கள் வாசகன்