எடையை மட்டும் அளந்தால் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் உடற்பருமன் இல்லை. பருமனான அனைவரையும் அதில் சேர்க்கச் சொல்லவில்லை. ஆனால், எடையால் நடமாட்டமே முடங்கிப்போனவர்களைச் சட்டம் கண்டுகொள்ளாதது அநியாயம்.

என் அக்கா நகரப் பேருந்தின் முதல் படியில் கால் வைக்க, இரு கைகளாலும் கம்பியைப் பற்றி உடலை மேலே இழுத்தாக வேண்டும். அடுத்த கால் ஏறுவதற்குள் விசில் ஊதிவிடுகிறார்கள். கூட்டத்தில் எழும் சிரிப்பு அவர் காதிலும் விழுகிறது.

எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துக் கிடைக்கும் உடல் நிறைக் குறியீடு, 19-ஆம் நூற்றாண்டில் பெல்ஜியக் கணிதவியலாளர் கெத்தலே மக்கள்தொகையின் சராசரிகளை ஆராய்ந்தபோது பிறந்தது. அது தசையையும் கொழுப்பையும் பிரித்தறியாது. உலக அளவில் 30 என்பது பருமனின் எல்லை. இந்தியர்களுக்கோ நம் மருத்துவர்கள் 25 என வைத்துள்ளனர். இந்த எண்ணைத் தாண்டிய எத்தனையோ பேர் வயலில் நாள் முழுதும் வேலை செய்கிறார்கள் என்பதால், அதை வைத்து இயலாமையை முடிவுசெய்ய முடியாது.

டென்மார்க்கில் வேலையிழந்த குழந்தைப் பராமரிப்பாளர் ஒருவரின் வழக்கில், பருமன் தன்னளவில் இயலாமை ஆகாது, ஆனால் அது நெடுங்காலம் பணியில் முழுமையாகப் பங்கேற்கவிடாமல் தடுத்தால் இயலாமையே என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2014-இல் கூறியது. நம் மருத்துவக் குழுக்களும் எடை எந்திரத்தோடு நின்றுவிடாமல், ஒருவரால் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது, துணையின்றிப் படியேற முடிகிறதா என்று பார்த்துச் சான்றிதழ் வழங்க அரசு வழிசெய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை