மக்கள் கூட்டத்தின் மேல் பறக்கும் காவல்துறை ட்ரோன்களுக்குப் பாதுகாப்பு நடைமுறையும் விபத்துப் பதிவும் கோரும் மனு

அனுப்புநர்:
ரிமோட் பைலட் சான்றிதழ் பெற்ற வேளாண் ட்ரோன் இயக்குபவர்,
செய்யாறு, திருவண்ணாமலை மாவட்டம்.

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
உள், மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

நகல்: காவல்துறை தலைமை இயக்குநர் அவர்கள், சென்னை.

பொருள்: திருவிழா, பொதுக்கூட்டப் பந்தோபஸ்துகளில் பறக்கும் ட்ரோன்கள் – பறப்புப் பதிவேடு, விபத்து அறிக்கை, கூட்டத்தின் மேல் பறப்பதற்கான கட்டுப்பாடு – மாநிலம் முழுமைக்கும் நிலையாணை பிறப்பிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். நெல், கரும்பு வயல்களில் ட்ரோன் மூலம் மருந்து தெளிப்பது என் தொழில். காவல்துறை ட்ரோன் பயன்படுத்தக் கூடாது என்று கேட்டு இந்த மனுவை எழுதவில்லை. கூட்டம் எங்கே நெருக்குகிறது, எந்தச் சந்தில் ஆம்புலன்ஸ் மாட்டிக்கொண்டது என்பதை மேலிருந்து பார்க்கிற ஒரு கண் எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றும். 2023 ஜூன் மாதம் சென்னை அடையாறில் சுமார் 3.6 கோடி ரூபாயில் காவல்துறைக்கென்று தனி ட்ரோன் பிரிவு தொடங்கப்பட்டபோது என் போன்றவர்கள் மகிழ்ந்தோம். விரைந்து செல்பவை, எடை தூக்குபவை, நெடுந்தூரம் பறப்பவை என்று மூன்று வகையில் ஒன்பது ட்ரோன்கள் அதில் இருந்தன. அது நல்ல முயற்சி, வளர வேண்டிய முயற்சி.

ஆனால் மாவட்டங்களில் நடப்பது வேறு. உள்ளூர்த் திருவிழா என்றால் கல்யாண வீடியோ எடுப்பவரின் ட்ரோனை வாடகைக்கு எடுத்துப் பந்தோபஸ்துக்கு ஏற்றுவது சகஜமாகிவிட்டது. எங்கள் பக்கத்தில் ஒரு கோயில் விழாவில் அப்படி ஏற்றிய ட்ரோன் ஒன்று பிரசாதக் கடையின் தகரக் கூரையில் விழுந்ததை நான் நேரில் பார்த்தேன். யாருக்கும் அடியில்லை. உடைந்த இறக்கைகளைப் பொறுக்கிப் பையில் போட்டார்கள். சற்று நேரத்தில் இன்னொரு ட்ரோன் அதே கூட்டத்தின் மேல் ஏறியது. முதல் ட்ரோன் ஏன் விழுந்தது என்று அங்கே யாரும் கேட்கவில்லை, எதிலும் எழுதவில்லை. என்னைக் கவலைப்பட வைத்தது இதுதான்.

60 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள், காற்றின் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால், தரையைத் தொடும்போது மணிக்கு 120 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் இருக்கும். காற்றுத் தடை அதைக் குறைத்தாலும், இரண்டு கிலோ எடையுள்ள ட்ரோன் ஒரு குழந்தையின் தலையில் விழுந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. நான்கு மோட்டார் ட்ரோனில் ஒரு மோட்டார் நின்றாலே அது பெரும்பாலும் நிலைகுலைந்து விழுந்துவிடும். வயலில் அப்படி விழுந்தால் நஷ்டம் என்னுடையது. திருவிழாவில் கீழே நிற்பவர்கள் வயல் வரப்பு அல்லவே.

கார்த்திகை தீபத்தை எடுத்துக்கொள்வோம். லட்சக்கணக்கானோர் கூடும் அந்த நாளில் காவல்துறை ட்ரோன் கண்காணிப்பு வருடந்தோறும் நடக்கிறது. தொடர்பு அறுந்தால் ட்ரோன் தானாகவே கிளம்பிய இடத்துக்குத் திரும்பும்படி அமைத்திருப்பார்கள். திரும்பும் உயரத்தை 30 மீட்டர் என்று வைத்துவிட்டு மறந்தால், அண்ணாமலையார் கோயில் ராஜகோபுரம் 66 மீட்டர் உயரத்தில் குறுக்கே நிற்கிறது. சரி, கோபுரத்தைத் தாண்டி வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். பிற்பகலில் காலியாக இருந்த கிளம்பிய இடம் மாலையில் காலியாக இருக்காது. அங்கே குடும்பம் குடும்பமாக மக்கள் உட்கார்ந்திருப்பார்கள். இறக்கைகள் சுழன்றபடியே ட்ரோன் அவர்கள் மேல் இறங்கும். கயிறு கட்டி, ஒரு காவலரை நிறுத்தி அந்த இடத்தைக் காத்தாலே இது நடக்காது. பெரிய செலவும் இல்லை.

இது போக பேட்டரி இருக்கிறது. லித்தியம் பேட்டரி உப்பியிருந்தால் அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட வேண்டும். வாடகைக்கு வருபவர் எத்தனை முறை சார்ஜ் ஏற்றிய பேட்டரியோடு வருகிறார் என்று கேட்க அங்கே ஆளில்லை. வடசென்னையில் மாஞ்சா நூல், கடற்கரையில் உப்புக் காற்றும் திடீரென்று மாறும் காற்று வேகமும், எங்கும் பருந்தும் காகமும். ஓட்டுகிறவர்களுக்கு இதெல்லாம் தெரியும். உத்தரவு போடுகிறவர்களுக்கும் தெரிய வேண்டும்.

சட்டம் இல்லாமல் இல்லை. மத்திய அரசின் ட்ரோன் விதிகள், 2021 முப்படைகளின் ட்ரோன்களைத்தான் தன் வரம்பிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. அந்த விலக்கில் காவல்துறை சேர்க்கப்படவில்லை. விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் ட்ரோன்களுக்கான அரசு இணையதளமான டிஜிட்டல் ஸ்கை வழியாக விமானப் போக்குவரத்து தலைமை இயக்குநருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும், 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோன்களுக்கு மூன்றாம் நபர் காப்பீடு வேண்டும் என்பதும் அதே விதிகளில் உள்ளவை. இந்தக் கடமை தங்களுக்கும் உண்டு என்று ஒரு காவல் நிலையத்துக்குத் தெரியும்படி மாநில அளவில் நிலையாணை வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

பதிவேட்டுக்கு நான் இவ்வளவு அழுத்தம் கொடுக்க ஒரு காரணம் உண்டு. 2013 நவம்பர் 29 இரவு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் காவல்துறைப் பணியில் இருந்த ஹெலிகாப்டர், கூட்டம் நிறைந்த கிளத்தா என்ற மதுக்கூடத்தின் கூரைமேல் விழுந்தது. விமானியும் இரண்டு காவலர்களும் கட்டடத்தில் இருந்த ஏழு பேரும் இறந்தார்கள். பிரதான தொட்டியில் 76 கிலோ எரிபொருள் மிச்சம் இருந்தது. ஆனால் அதை என்ஜினுக்கு ஊட்டும் தொட்டிகளுக்குக் கடத்தும் பம்புகளின் சுவிட்சுகள் அணைந்திருந்தன. அவை ஏன் அணைந்திருந்தன என்பதை விபத்து விசாரணை அமைப்பால் 2015 அறிக்கையில் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்த ஹெலிகாப்டரில் குரல் பதிவும் பறப்புத் தரவுப் பதிவும் பொருத்தப்படவில்லை, அன்றைய விதி அதைக் கட்டாயமாக்கவில்லை. காவல்துறை ஹெலிகாப்டர்களில் பதிவுக் கருவி வேண்டும் என்று அந்த அறிக்கை பரிந்துரைத்தது. பத்து உயிர் போன பிறகு வந்த பரிந்துரை அது. நம்மிடம் இருக்கும் ட்ரோன்களில் பெரும்பாலானவை தம் பறப்பைத் தாமே பதிவு செய்கின்றன. அதை எடுத்துப் பத்திரப்படுத்தச் சொல்லும் உத்தரவுதான் தேவை.

ஆகவே, ஒவ்வொரு பறப்புக்கும் ஓட்டியவர் யார், எந்த ட்ரோன், எந்தப் பேட்டரி, காற்று எப்படி, திரையில் என்ன எச்சரிக்கை வந்தது என்று எழுதும் பதிவேடு எல்லா மாவட்டங்களிலும் வைக்கப்பட வேண்டும். விழுந்தாலும் சரி, விழப்பார்த்துத் தப்பினாலும் சரி, அறிக்கை போக வேண்டும். அதை அந்தக் காவல் நிலையத்துக்கு வெளியே இருப்பவர்கள் பரிசீலிக்க வேண்டும். இங்கே ஒன்றைத் தனியாகக் கேட்டுக்கொள்கிறேன். தானாக முன்வந்து சொல்லும் காவலருக்கு மெமோ கொடுக்காதீர்கள். ஒருவருக்குக் கொடுத்தால் அப்புறம் வேறு எவரும் வாய் திறக்க மாட்டார். குடித்துவிட்டு ஓட்டுவது போன்ற தெரிந்தே செய்யும் குற்றம் வேறு, அதற்குத் தண்டனை இருக்கட்டும்.

நெருக்கமான கூட்டத்துக்கு நேர் மேலே பறப்பதை வழக்கமாக்கக் கூடாது. ஓரத்திலிருந்து, ஆளில்லாத மாடிகளின் மேலிருந்து, கேமராவைச் சாய்த்தே பெரும்பாலான காட்சி கிடைத்துவிடும். தவிர்க்க முடியாத நேரத்தில், ஒரு மோட்டார் நின்றாலும் பாதுகாப்பாக இறங்கக்கூடிய ஆறு மோட்டார் ட்ரோனோ, பாராசூட் பொருத்திய ட்ரோனோ மட்டும் ஏறட்டும். வாடகை ட்ரோனுக்குப் பதிவு எண், ஓட்டுபவருக்குச் சான்றிதழ், காப்பீடு இம்மூன்றையும் பார்க்காமல் அனுமதிக்கக் கூடாது. பயிற்சிக்கு வெளிமாநிலம் தேட வேண்டாம். குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தின் வான்வெளி ஆராய்ச்சி மையம் இருக்கிறது, அரசின் ஆளில்லா வான்கலன்கள் கழகமும் இருக்கிறது. மாவட்டத்துக்கு இரண்டு காவலர்களையாவது அங்கே அனுப்பிப் பயிற்றுவித்தால், வாடகை ட்ரோனை நம்பியிருக்கும் நிலையே மாறிவிடும்.

வருடத்துக்கு ஒருமுறை, எத்தனை பறப்புகள், எத்தனை விபத்துகள், என்ன மாற்றம் செய்யப்பட்டது என்பதைக் காவல்துறை இணையதளத்தில் வெளியிட வேண்டுகிறேன். ட்ரோனின் கீழே நிற்கும் மக்களுக்கு அதை அறியும் உரிமை உண்டு.

மாநில ஆணைக்குக் காலம் ஆகுமானால், வரும் கார்த்திகை தீபத்துக்கு முன்பாகத் திருவண்ணாமலை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு மட்டுமாவது இறங்குமிடப் பாதுகாப்பு, திரும்பும் உயரம், பறப்புப் பதிவேடு ஆகிய மூன்று குறித்தும் அறிவுரை அனுப்புமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். காவலர்களுக்குப் பறப்புக்கு முந்தைய சோதனையைச் செய்து காட்ட அழைத்தால், ஊதியம் எதுவும் இல்லாமல் வரத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்

இணைப்பு: ரிமோட் பைலட் சான்றிதழ் நகல், பறப்புப் பதிவேட்டுக்கான மாதிரிப் படிவம்.