ஆமணக்குப் புண்ணாக்கு: அவித்தால் மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடலைப் புண்ணாக்கு விலை ஏறும்போதெல்லாம், "உரத்துக்கு விற்கிற ஆமணக்குப் புண்ணாக்கை அவித்து மாட்டுக்கு வைக்கலாமா?" என்று கேட்கிறார்கள். ஆமணக்கு (கொட்டைமுத்து) விளையும் சேலம், நாமக்கல் பகுதியில் இந்தக் கேள்வி அதிகம். அதில் புரதம் சுமார் 30 சதவீதம் இருக்கிறது. ஆசை வருவது இயல்பு. ஆனால் அரைகுறையாகச் செய்தால் மாடு செத்துப்போகும் என்பதால் இந்தக் கடிதம்.

ஆமணக்கின் நஞ்சான ரிசின் ஒரு புரதம். அது எண்ணெயில் கரையாது. விதையை ஆட்டும்போது புண்ணாக்கிலேயே தங்கிவிடும். சூட்டில் சிதையும் என்பது உண்மைதான், ஆனால் அதற்கு ஈரச்சூடு போதிய அளவில் வேண்டும். வெயிலில் காயவைப்பதையும் வாணலியில் வறுப்பதையும் நம்பவே கூடாது. பெங்களூரில் உள்ள தேசிய கால்நடை ஊட்டச்சத்து, உடலியங்கியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பல முறைகளை ஒப்பிட்டு 2005இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஊறவைத்ததிலும் கொதிக்கவைத்ததிலும் ரிசின் ஓரளவு மிஞ்சியது. முழுதாக அழித்தவை இரண்டு: 15 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு) நீராவி அழுத்தத்தில், மூடிய கலனில் 60 நிமிடம் வேகவைக்கும் ஆட்டோகிளேவ் முறை, கிலோவுக்கு 40 கிராம் சுண்ணாம்பு சேர்ப்பது. ரிசின் தண்ணீரில் கரையும் என்பதையும் மறக்கக் கூடாது. புண்ணாக்கு ஊறிய தண்ணீரை வழக்கம்போல் கழுநீர்த் தொட்டியில் ஊற்றினால் நஞ்சைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்ததாகவே ஆகும்.

ஆட்டோகிளேவ் பண்ணையில் நடக்கிற காரியமல்ல. ஆலையில் செய்தாலும் மூட்டையோடு உள்ளே வைத்தால் நடுப்பகுதிக்குச் சூடு எட்டாது. தட்டுகளில் மெல்லிய படுகையாகப் பரப்பி, நடுவில் 121 டிகிரி வந்த பிறகுதான் நேரத்தை எண்ண வேண்டும்.

சுண்ணாம்பு முறை மலிவானது, ஆனால் அதில் தவறு நேரவும் இடமுண்டு. 100 கிலோ புண்ணாக்குக்கு 4 கிலோ நீற்றுச் சுண்ணாம்பு, 40 லிட்டர் தண்ணீர். முதலில் புண்ணாக்கைத் தூளாக்கிச் சலிக்க வேண்டும். நெல்லிக்காய் அளவுக் கட்டி ஒன்று இருந்தாலும் அதன் வெளிப்புறம்தான் நனையும், உள்ளே நஞ்சு அப்படியே இருக்கும். பாலாகக் கரைத்த சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் புரட்டி, கையில் பிடித்தால் எல்லா இடமும் ஒரே ஈரமாக இருக்கிறதா என்று பார்த்து, இரவு முழுக்க மூடி வைக்க வேண்டும். மறுநாள் மூன்று, நான்கு சென்டிமீட்டருக்கு மேல் கனமில்லாமல் வெயிலில் பரப்பி, அடிக்கடி கிளறி, ஈரப்பதம் 10 சதவீதத்துக்குக் குறையும்வரை காயவிட வேண்டும். மழைநாளில் இதைத் தொடங்கவே கூடாது. ஈரம் தங்கினால் பூஞ்சை பிடித்து, ஒரு நஞ்சுக்குப் பதில் அஃப்லாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு வந்து சேரும்.

பெரும்பாலும் கெடுவது சுண்ணாம்பின் தரத்தால்தான். திறந்து கிடக்கும் பழைய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து வெறும் கால்சியம் கார்பனேட்டாகிவிடும். அதற்குக் காரத்தன்மை போதாது, நஞ்சு அழியாது. சுட்ட சுண்ணாம்பை வாங்கி அன்றே நீற்றிப் பயன்படுத்துவது நல்லது. இந்த 4 கிலோவோடு இரண்டு கிலோவுக்கு மேல் கால்சியமும் புண்ணாக்கில் சேருகிறது. எனவே கலப்புத் தீவனத்தில் போடும் சுண்ணாம்புக்கல் தூளை அதற்கேற்பக் குறைக்காவிட்டால் கால்சியம், பாஸ்பரஸ் விகிதம் கெடும். வேலை செய்பவர்களுக்கு முகக்கவசம், கண்ணாடி, கையுறை கட்டாயம். ஆமணக்குத் தூசியிலுள்ள ஒவ்வாமைப் புரதம் ரிசினைவிடச் சூட்டைத் தாங்கும், ஆஸ்துமாவைக் கிளப்பும்.

இவ்வளவு செய்தும் பரிசோதனை இல்லாமல் ஒரு பிடிகூட வைக்கக் கூடாது. குவியலின் மேல், நடு, அடி என்று பத்து இடங்களில் எடுத்துக் கலந்த மாதிரியை, ஒவ்வொரு முறை தயாரிக்கும்போதும் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். தேறினாலும் வளர்ந்த ஆடுமாடுகளுக்கு மட்டும், அடர்தீவனத்தில் 10 சதவீதத்துக்குள் என்பதே எங்கள் கருத்து. கன்றுக்கும் சினை மாட்டுக்கும் வேண்டாம். குதிரைக்கு அறவே கூடாது. நஞ்சின் அறிகுறி சில மணி நேரம் கழித்தோ, ஓரிரு நாள் கழித்தோ வரும்: தீவனம் மறுத்தல், இரத்தம் கலந்த கழிச்சல், தள்ளாட்டம். மாற்று மருந்து கிடையாது.

இந்த முறையைப் பெயர் ஒற்றுமையைப் பார்த்துக் காட்டாமணக்குப் புண்ணாக்குக்குச் செய்துவிட வேண்டாம். அதிலுள்ள ஃபோர்பால் எஸ்டர்கள் என்ற நஞ்சுகள் ஆட்டோகிளேவ் சூட்டையும் தாங்கும். ஆலையில் எத்தனால் அல்லது மெத்தனால் கொண்டு கழுவி எடுக்கிறார்கள், வீட்டில் வழியில்லை. பருத்திக்கொட்டைப் புண்ணாக்கின் கதை வேறு. அதிலுள்ள நஞ்சு காசிபால். புரதத்தோடு பிணையாமல் தனித்திருக்கும் (கட்டற்ற) காசிபாலை இரும்பு பிணைத்துச் செயலிழக்கச் செய்துவிடும். அன்னபேதியில் (இரும்பு சல்பேட்) ஐந்தில் ஒரு பங்கு இரும்பு என்பதால், பன்றித் தீவனத்தில் ஒரு கிராம் காசிபாலுக்கு 5 கிராம் அன்னபேதி கணக்கு. முட்டைக்கோழிக்கு அதைப்போல் நான்கு மடங்கு வேண்டும், இல்லையேல் இருப்பு வைத்த முட்டையில் மஞ்சள் கரு பச்சை படரும்.

அரசிடம் இரண்டு கோரிக்கைகள். உரமாக விற்கும் ஆமணக்குப் புண்ணாக்கு மூட்டை ஒவ்வொன்றிலும் "நஞ்சு, கால்நடைகளுக்குத் தரக் கூடாது" என்று பெரிய தமிழ் எழுத்தில் அச்சிடச் செய்ய வேண்டும். எலும்புத்தூளோடு கலந்து தோட்டத்தில் போட்டதைத் தின்று நாய்களும் சாகின்றன. அடுத்து, நாமக்கல்லில் உள்ள தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் போன்ற இடங்களில் ரிசின் பரிசோதனை உண்டா, அதற்கு எவ்வளவு கட்டணம், எத்தனை நாளில் முடிவு என்பதைப் பால் சங்கங்களின் அறிவிப்புப் பலகையில் எழுதிவைக்க வேண்டும்.

இப்படிக்கு,
கால்நடைத் தீவனத் துறையினர் சிலர்,
சேலம்.