வளாக உள்விளையாட்டரங்கப் பயன்பாட்டாளர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர், செயற்குழுவினர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

காலையில் இறகுப்பந்து, மாலையில் பட்டமளிப்பு விழா, மறுநாள் கூடைப்பந்து என்று ஓடுகிற அரங்கம் நம்முடையது. ஆட்டக்காரர் ஷூவால் தரை கெட்டதாக இவ்வாண்டு ஒரு புகாரும் இல்லை. கெட்டதெல்லாம் விழாக்களை ஒட்டித்தான். ஆகவே அறிக்கையில் பெரும்பகுதி தரையைப் பற்றியே.

மேப்பிள் மரத்தரை உள்ள அரங்கின் காற்றில் 35 முதல் 50 விழுக்காடு ஈரப்பதம் இருக்க வேண்டும் என்பது தயாரிப்பாளர் கணக்கு. கடலோர ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் அது நடக்காத காரியம். ஏற்ற இறக்கத்தையாவது குறைக்கலாம். மழைக்காலம் முழுக்கக் கதவைத் திறந்துபோட்டுவிட்டு விழாவன்று மட்டும் ஏசியை முழுவீச்சில் ஓட்டினால், பலகையின் மேல்முகம் காய்கிறது. அடிமுகம் ஈரத்தோடே இருக்கிறது. ஓரங்கள் தூக்கி, நடு பள்ளமாகிறது. மேற்கு வாயிலருகே கண்டது இதுதான். உடனே இழைத்துவிடலாம் என்றார்கள், செயற்குழு தடுத்துவிட்டது. ஈரம் சமமாகுமுன் இழைத்தால், பலகை படிந்தபின் நடு மேடாகிவிடும். சுவரோர இடைவெளி மரம் விரிவதற்காக விட்டது. அதில் சிமென்ட் பூசுவது இனியாவது நிற்கட்டும்.

விழா விரிப்பு விஷயம். விரிக்குமுன் உலர்ந்த துடைப்பத்தால் தரையைத் தள்ளிப் பெருக்க வேண்டும். அடியில் மணல் கிடந்தால் நாற்காலிக்காலின் கீழ் உப்புத்தாள் தேய்த்த மாதிரிதான். வினைல் சுருள்களை ஒன்றன்மேல் ஒன்று 10 செ.மீ. ஏறுமாறு விரித்து, டேப்பை விரிப்பின்மேல் மட்டும் ஒட்ட வேண்டும். தரையில் ஒட்டினால் உரிக்கும்போது வார்னிஷும் கூடவே வரும்; கூடைப்பந்துக் களத்தின் மூன்று புள்ளிக் கோட்டில் பெயின்ட் போனது அப்படித்தான். மேடைக் கால்களுக்கடியில் 18 மி.மீ. பிளைவுட் துண்டு வேண்டும். வாடகை நாற்காலிகள் பலவற்றில் கால் நுனிக்குப் போடும் ரப்பர் புஷ் இருப்பதில்லை. வண்டியிலிருந்து இறக்கும்போதே பார்த்துத் திருப்பி அனுப்பலாம். விழா முடிந்த இரவே விரிப்பைச் சுருட்டியாக வேண்டும். ‘காலையில் பார்த்துக்கலாம்’ என்று விட்டால் சிந்திய தண்ணீர் விடியும்வரை இணைப்பு வழியே இறங்கி ஊறும்.

வாலிபால் கம்பக் குழிகளின் பித்தளை மூடிகள் விழாவுக்கு விழா காணாமல் போகின்றன. திறந்த குழியில் கால் மாட்டினால் கணுக்கால் போச்சு. வலை உயரம் ஆண்களுக்கு 2.43 மீ., பெண்களுக்கு 2.24 மீ. அதை வலையின் நடுவில் அளக்க வேண்டும். கம்பத்தருகே அளந்தால் தொய்வு தெரியாது.

ஏசி ஓடினால் இறகுப்பந்து காற்றில் ஒதுங்குகிறது. நிறுத்தினால் பார்வையாளருக்கு வேர்த்துக் கொட்டுகிறது. சிங்கப்பூர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2017இல் திறந்த ‘தி வேவ்’ அரங்கில் காற்றை வீசி அடிக்காமல், குளிர்நீர் ஓடும் சுருள்களால் குளிர்விக்கிறார்கள். நமக்கு அது கட்டுப்படியாகாது. காற்று வரும் வாய்த் தகடுகளை ஆடுகளத்தை விட்டு மேல்நோக்கித் திருப்பலாம். ஏணி ஒன்று போதும்.

விரிப்பு, குழிமூடி, நாற்காலி புஷ் மூன்றையும் விழாவுக்கு முன்னும் பின்னும் நிர்வாகமும் விழா நடத்துவோரும் பார்த்துக் கையொப்பமிட வேண்டும், அதன்பின்னரே முன்பணத்தைத் திருப்ப வேண்டும் என்று நிர்வாகத்தைக் கோரும் தீர்மானத்தை அவையின் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்