பை தைத்தாயிற்று, ஃபைலில் என்ன இருக்கிறது?

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய போட்டோவில் பை பளபளவென்று இருக்கிறது. ஆம்பூரில் வாங்கிய துண்டுத் தோலில் தைத்தது என்றால் அம்மா நம்பவே மாட்டேன் என்கிறார். ஆனால் இந்தப் பள்ளிப் பை ப்ராஜெக்டுக்கு நீ எழுதிய ஃபைலைப் படித்தால் ஆரம்பத்திலிருந்து கடைசி வரை எல்லாமே நல்லபடியாக நடந்திருக்கிறது. அதுதான் எனக்கு இடிக்கிறது.

வார் அறுந்த முதல் பை எங்கேடா? பொங்கலுக்கு வந்தபோது நானே பார்த்தேனே. தையலை நெருக்கிப் போட்டால் பலம் என்று நினைத்தாய். ஊசி ஓட்டைகள் வரிசையாக விழுந்து, தபால்தலைத் தாளைக் கிழிப்பது போல அந்தக் கோட்டிலேயே தோல் கிழிந்தது. வயிற்றுப் பக்கத் தோல் இழுபடும் என்று பேரணாம்பட்டு மாமா சொன்ன பிறகுதான் வாரை முதுகுப் பக்கத் தோலில் வெட்டினாய். உன் ப்ராஜெக்டே இந்த இரண்டும்தான். கிழிந்த வாரை ஸ்கேலோடு வைத்துப் போட்டோ எடு. தையல் இடைவெளி எத்தனை மில்லிமீட்டரிலிருந்து எத்தனைக்கு மாறியது என்று எழுது. நான் வைவா (வாய்மொழித் தேர்வு) எடுத்தால் அங்கேதான் ஆரம்பிப்பேன்.

சோதனைப் பக்கத்தில் "உறுதியாக உள்ளது" என்று ஒற்றை வரி. பத்தாது. பை, மாணவரின் எடையில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது மத்திய அரசின் 2020 பள்ளிப் பைக் கொள்கை. 30 கிலோ பிள்ளைக்குப் புத்தகத்தோடு சேர்த்தே 3 கிலோதான். தோல் கனமான சரக்கு. உன் வெறும் பை எவ்வளவு? மளிகைக் கடைத் தராசில் வைத்து, வருகிற எண்ணை அப்படியே போடு. கூடுதலாக வந்தால், எங்கே தோலைக் குறைக்கலாம் என்று கீழே எழுது.

வரைபடம் ஃபர்ஸ்ட் ஆங்கிள் முறையில்தானே? அதில் மேல் தோற்றம், முன் தோற்றத்துக்குக் கீழே வர வேண்டும், சரிபார்.

அப்புறம், பிரிண்ட் போட பிடிஎஃப் ஆக்கிக் கொண்டு போ. என் டிப்ளமோ ரிப்போர்ட்டில் தாய்மார்கள் தமிழில் சொன்ன பதில்கள் எல்லாம், அந்தத் தமிழ் எழுத்துரு இல்லாத ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகிவிட்டன. ஸ்பைரல் போட்ட பிறகுதான் கவனித்தேன். இரவு பூராவும் கையால் எழுதி ஒட்டினேன்.

வேலூர் வெயிலில் பையை வண்டிப் பெட்டிக்குள் வைத்து எடுத்துப் போகாதே, ஒட்டிய பசை இளகிவிடும்.

வெள்ளிக்கிழமை காட்பாடியில் இறங்கி நேரே வீட்டுக்கு வருகிறேன். அந்தக் கிழிந்த வாரைத் தேடி எடுத்து வை.

அண்ணன்