சிறுவர்களின் விதைப்பைக் கட்டிக்குக் கத்தி வைக்கும் முன் ஸ்கேன் எடுக்க உத்தரவிட வேண்டி மனு

அனுப்புநர்:
பத்தாம் வகுப்பு மாணவனின் தாய்,
வேடசந்தூர் வட்டம், திண்டுக்கல் மாவட்டம்.
(மகனின் பெயர் வெளியே வர வேண்டாம் என்பதால் முழு விவரங்களையும் மருத்துவ அறிக்கை நகல்களையும் தனி உறையில் இணைத்துள்ளேன்.)

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத்துறை,
தலைமைச் செயலகம், சென்னை - 600 009.

பொருள்: விதைப்பைக் கட்டியோடு வரும் சிறுவர்களுக்கான பரிசோதனை முறை குறித்து எல்லா மருத்துவமனைகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பக் கோருதல் - தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என் மகனுக்கு வந்திருப்பது பாராடெஸ்டிகுலர் ராப்டோமயோசர்கோமா என்ற புற்றுநோய். விதையில் வருவதல்ல இது. விதையைச் சுற்றியுள்ள உறையிலும் அதற்கு மேலே போகும் விந்து வடத்திலும் இருக்கிற மென்திசுவில் முளைப்பது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும், அப்புறம் பருவ வயதுப் பையன்களுக்கும்தான் அதிகம் வருகிறது. பெரும்பாலும் வலியே இருக்காது. கட்டி மட்டும் வளர்ந்துகொண்டே போகும்.

என் மகன் அதை யாரிடமும் சொல்லவில்லை. கபடிப் பயிற்சிக்குப் போவதை நிறுத்தினான், வீட்டில் எந்நேரமும் லுங்கியிலேயே இருந்தான். கடைசியில் அவன் தாய்மாமனிடம்தான் சொன்னான். உடனே ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். ஹைட்ரோசீல், அதாவது விதைப்பையில் நீர் கோத்த வீக்கம் என்றார்கள். ஸ்கேன் எடுக்காமலே விதைப்பையைக் கீறினார்கள். உள்ளே நீர் இல்லை, கெட்டியான கட்டி இருந்தது. அதில் ஒரு துண்டை வெட்டி ஆய்வுக்கு அனுப்பிவிட்டுத் தையல் போட்டார்கள்.

இதில் நடந்த கேடு என்னவென்று புற்றுநோய் மருத்துவர் விளக்கியபோதுதான் எங்களுக்குப் புரிந்தது. புற்றுநோய் நிணநீர் (உடல் திசுக்களிலிருந்து வடியும் நீர்) வழியாகவும் பரவும். விதைப்பகுதியின் நிணநீர் வயிற்றின் பின்புறம் உள்ள முடிச்சுகளுக்குப் போகிறது. விதைப்பைத் தோலின் நிணநீரோ தொடை இடுக்கு முடிச்சுகளுக்குப் போகிறது. அதனால் தோலைக் கீறிக் கட்டியைத் தொட்டால் நோய் பரவ இன்னொரு வழி திறந்துவிடும். ஊசி குத்திச் சதை எடுப்பதும் அப்படித்தான். தொடை இடுக்கின் மேல் கீறி, வடத்தை உயரத்தில் கட்டி, விதையோடு முழுசாக எடுப்பதே சரியான முறையாம். என் பிள்ளைக்கு அதையும் செய்து, முதலில் கீறிய பக்கத்துத் தோலையும் வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. பத்து வயதைத் தாண்டியவன் என்பதால் வயிற்று நிணநீர் முடிச்சுகளையும் அறுவை செய்து பார்த்தார்கள். தோலை வெட்டிய அந்த வேதனை அவனுக்குத் தேவையே இல்லாதது. அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

ஐயா, அரிதான நோய்க்குத் தனி உத்தரவு எதற்கு என்று தோன்றலாம். அரிது என்பதால்தான் முதலில் பார்க்கும் மருத்துவரின் நினைவுக்கு அது வருவதில்லை. இருட்டறையில் டார்ச் அடித்துப் பார்த்தால் நீர் கோத்த வீக்கம் சிவப்பாக ஒளிரும், சதைக்கட்டி ஒளிராது. சந்தேகம் வர அதுவே போதும். அடுத்தது ஒரு அல்ட்ராசவுண்ட். விதைப் புற்றுநோய்க்குப் பார்க்கும் ஏ.எஃப்.பி., பீட்டா எச்.சி.ஜி. ரத்தப் பரிசோதனைகள் இந்த நோயில் பெரும்பாலும் இயல்பான அளவையே காட்டும் என்பதால், அதை வைத்து மட்டும் வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது. பரவுவதற்கு முன் பிடித்துவிட்டால் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பிழைக்கிற நோய் இது.

ஆகவே, விதைப்பையில் கெட்டியான வீக்கத்தோடு வரும் எந்தச் சிறுவனுக்கும் ஸ்கேன் எடுக்காமல் கத்தியோ ஊசியோ வைக்கக் கூடாது என்றும், சந்தேகம் இருந்தால் புற்றுநோய் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே அனுப்ப வேண்டும் என்றும் அரசு, தனியார் மருத்துவமனைகள் அனைத்துக்கும் சுற்றறிக்கை அனுப்ப வேண்டுகிறேன். 18 வயது வரை உள்ளவர்களைப் பரிசோதிக்கவென்றே 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய காரியக்ரம் திட்டத்தில் பள்ளிக்கு வரும் மருத்துவக் குழு, பையன்களிடம் ஆண் மருத்துவர் மூலம் தனியாக, கூச்சம் போகும்படி இதைக் கேட்கவும் ஏற்பாடு செய்ய வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. கீமோவில் தரும் சைக்ளோபாஸ்பமைடு என்ற மருந்து பிற்காலத்தில் குழந்தைப் பேற்றைப் பாதிக்கலாம். பருவமடைந்த பையன்களுக்கு முன்கூட்டியே விந்தணுவைச் சேமித்து வைக்க முடியும். எங்களுக்கு இது தெரிந்தபோது கீமோ தொடங்கிவிட்டது. சிகிச்சைச் செலவை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்தான் ஏற்றது, அதற்கு என்றும் நன்றியோடு இருப்போம். விந்தணுச் சேமிப்பும் இத்தகைய பிள்ளைகளுக்கு இலவசமாகக் கிடைக்கவும், கீமோவுக்கு முன்பே பெற்றோரிடம் அதைச் சொல்லவும் வழிசெய்யுங்கள்.

மற்றவற்றுக்கு நிதியும் நாளும் பிடிக்கலாம். சுற்றறிக்கையை மட்டுமாவது உடனே அனுப்பும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இணைப்பு: ஆய்வறிக்கை, அறுவை சிகிச்சைக் குறிப்பு நகல்கள் தனி உறையில்.